கலர் நெகடிவை இன்வர்ட் செய்தால் நீலம் அடிக்கிறது, ஒவ்வொரு பிரேமும் ஒரு நிறத்தில் வருகிறது

பழையசுருள்

வணக்கம். 35 மிமீ கலர் நெகடிவ்கள், கோடக் கோல்டு 200, எல்லாம் 90களில் எடுத்தவை. எல்இடி பேனல் மேல் வைத்து, ஏபிஎஸ்-சி கேமராவும் மேக்ரோ லென்ஸும் கொண்டு எடுத்திருக்கிறேன். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் ஆட்டோ. ரா (கேமரா பதிந்த மூலக் கோப்பு), ஜேபெக் இரண்டும் இருக்கின்றன.

ஜேபெக்கை கிம்ப் என்ற இலவச மென்பொருளில் திறந்து இன்வர்ட் (நிறங்களைத் தலைகீழாக்கும் கட்டளை) கொடுத்தால் படம் முழுக்க வெளிறிய நீலம். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் போட்டால் ஓரளவு தேறுகிறது. ஆனால் ஒரே சுருளில் ஒரு பிரேம் பச்சை, அடுத்தது ரோஸ். நிழல்கள் நீலமாகவும் வெள்ளைகள் மஞ்சளாகவும் நிற்கின்றன. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடுகிறது. வானம் வேறு பட்டை பட்டையாக உடைகிறது. காசு கொடுத்து மென்பொருள் வாங்காமல் இதற்கு வழி உண்டா?

இருட்டறை

வானத்தை முதலில் முடித்துவிடலாம். ஜேபெக்கைத் தூக்கிப் போடுங்கள். இந்த வகை சி-41 (கலர் நெகடிவ் கழுவும் வழக்கமான முறை) ஃபிலிமில் ஒளியே படாத இடத்தின் அடர்த்தி, அதாவது ஒளியைத் தடுக்கும் அளவு, சிவப்பில் ஏறத்தாழ 0.2, பச்சையில் 0.6, நீலத்தில் 0.9. அடர்த்தி 0.3 கூடினால் ஒளி ஒரு ஸ்டாப் குறையும், அதாவது பாதியாகும். ஆக, நீலச் சேனல் சிவப்பைவிட இரண்டு ஸ்டாப்புக்கு மேல் இருட்டில் கிடக்கிறது. 8 பிட்டில் உள்ள 256 படிகளில் அதற்குக் கிடைப்பது சொற்பம். அதை இழுத்து விரித்தால் பட்டை விழாமல் என்ன செய்யும்?

நீலம் அடிப்பதற்குக் காரணம் நெகடிவ் முழுக்கத் தெரியும் ஆரஞ்சு நிறம். ஃபிலிமில் உள்ள மெஜந்தா, சயான் சாயங்கள் உறிஞ்சக் கூடாத நிறத்தையும் கொஞ்சம் உறிஞ்சும். அதை ஈடுகட்டத்தான் நிறமுள்ள கப்ளர்களை (சாயத்தை உருவாக்கும் வேதிப்பொருள்கள்) வைத்திருக்கிறார்கள். சாயம் உருவாகும் இடத்தில் கப்ளரின் நிறம் அந்த அளவுக்கு மறையும். கூட்டிப் பார்த்தால் படம் முழுக்க ஒரே சீரான ஆரஞ்சு வடிகட்டி போட்ட கணக்கு. வடிகட்டி ஒளியைப் பெருக்கல் முறையில் குறைக்கிறது, எனவே அதை எடுக்க வகுக்க வேண்டும். இன்வர்ட் கட்டளையோ வெறும் கழித்தல்.

எண்ணில் பாருங்கள். ஃபிலிமின் காமா (கான்ட்ராஸ்ட் அளவு) சுமார் 0.6. அடித்தளம் (ஒளி படாத வெறும் ஃபிலிம்) விடும் ஒளியில் கால்பங்கை மட்டும் விடும் இடம், காட்சியில் 10 மடங்கு வெளிச்சம் பட்ட இடம். பத்தில் ஒரு பங்கு விடும் இடம், சுமார் 46 மடங்கு. லீனியர் மதிப்பில் (ஒளியின் அளவுக்கு நேர்விகிதமான எண்ணில்) கழித்தால் இவை 0.75, 0.90 என்று வரும். நாலு மடங்குக்கு மேலான வித்தியாசம் நசுங்கிப் போய்விடுகிறது. வெள்ளைச் சட்டையில் மடிப்பே தெரியவில்லை என்று பலர் புலம்புவது இதனால்தான்.

கிம்ப்பிலேயே வகுத்தல் செய்யலாம்:

1. ராவை ராதெரபி என்ற இலவச மென்பொருளில் திறந்து நியூட்ரல் புரொஃபைல் போடுங்கள். தானியங்கி டோன் கர்வ் எதுவும் கூடாது. ஃபிலிம் இல்லாத வெறும் பேனலை ஒரு படம் எடுத்து, அதிலிருந்து ஒயிட் பேலன்ஸ் எண்ணை எடுத்து, சுருள் முழுவதற்கும் அதையே ஒட்டுங்கள். 16 பிட் டிஃப்பாகச் சேமியுங்கள்.

2. கிம்ப்பில் இமேஜ் → ப்ரிசிஷன் → 32 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட், லீனியர் லைட்.

3. கலர் பிக்கரில் சாம்பிள் ஆவரேஜை இயக்கி, இரண்டு பிரேம்களுக்கு நடுவே உள்ள வெறும் பட்டையில் நிறம் எடுங்கள். ஃபிலிம் ஓரத்தில் உள்ள பல்துளைக்குள் போய்விடக் கூடாது, அங்கே இருப்பது பேனலின் வெள்ளை.

4. அந்த நிறத்தால் நிரப்பிய லேயர் கீழே, நெகடிவ் மேலே. மேல் லேயரின் மோடு டிவைட். கிம்ப்பில் டிவைட் என்றால் கீழ் லேயரை மேல் லேயரால் வகுப்பது. லேயரின் ப்ளெண்ட் ஸ்பேஸ் ஆர்ஜிபி லீனியர்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நீங்குவதும் தலைகீழாவதும் இந்த ஒரே படியில் முடிந்துவிடும்.

5. படம் வெளுத்துப் போய்த் தெரியும், பயப்பட வேண்டாம். நியூ ஃப்ரம் விசிபிள் கொடுத்து, வரும் லேயரில் எக்ஸ்போஷரை −4 முதல் −5 வரை இறக்குங்கள். பிறகு கர்வ்ஸில் கான்ட்ராஸ்ட் ஏற்றுங்கள்.

நிழல் நீலம், வெள்ளை மஞ்சள் என்பது ஒயிட் பேலன்ஸ் கோளாறு அல்ல. நீலச் சேனலின் கான்ட்ராஸ்ட் மற்ற இரண்டைவிடக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். லெவல்ஸில் நீலத்தை மட்டும் எடுத்து, கருப்பு முனையைக் கொஞ்சம் வலப்பக்கமும் வெள்ளை முனையைக் கொஞ்சம் இடப்பக்கமும் தள்ளுங்கள். இரு பக்கமும் ஒன்றாகத் தேறும். பழைய சுருளில் சாயம் மங்கியிருந்தால் மற்ற சேனல்களுக்கும் இதே வைத்தியம்தான்.

ஷட்டர் ஆட்டோவில் இருந்தது என்கிறீர்கள். ஒளி அளவு பிரேமுக்குப் பிரேம் மாறியதால், 3ஆம் படியில் எடுத்த நிறம் எல்லாப் பிரேமுக்கும் பொருந்தாது. முடிந்தால் மேனுவலில் திரும்ப எடுத்துவிடுங்கள். வெறும் பட்டையில் சிவப்புச் சேனல் முட்டுவதற்குச் சற்று முன்னால் நிற்கும்படி ஷட்டரை வைத்து, சுருள் முடியும்வரை அதைத் தொடாதீர்கள்.

கறுப்புவெள்ளை

இருட்டறை சொன்ன முறை சரிதான். ஆனா நூறு இருநூறு பிரேம் இருந்தா கிம்ப்புல உட்கார்ந்து முடியாது சார். டார்க்டேபிள்ங்கிற இலவச மென்பொருள்ல நெகாடாக்டர்னு ஒரு மாட்யூல் இருக்கு, 3.2 பதிப்புல, 2020ல வந்தது. கோடக்கோட சினியான்ங்கிற ஃபிலிம் ஸ்கேன் முறையோட அடர்த்திக் கணக்கை வச்சே செய்யுது, அதனால கழித்தல் வேலை எதுவும் கிடையாது.

முதல்ல சிக்மாய்ட், ஃபில்மிக், பேஸ் கர்வ்னு டோனை மாத்துற மாட்யூல் எது ஆன்ல இருந்தாலும் அணைச்சிடுங்க. அப்புறம் வெறும் பட்டையில டி மின் (வெறும் ஃபிலிமோட நிறம்), அடுத்து டி மேக்ஸ் (அதிகபட்ச அடர்த்தி), ஸ்கேன் எக்ஸ்போஷர் பயாஸ். இதை எடுக்கும்போது பிக்கர் பெட்டி படத்துக்குள்ளேயே இருக்கணும், ஓரமும் பல்துளையும் உள்ள வந்துச்சுன்னா கணக்கு காலி. கரெக்‌ஷன்ஸ் பக்கத்துல நிழலுக்குத் தனி நிறம், வெளிச்சத்துக்குத் தனி நிறம் இருக்கு. உங்க நீலம்-மஞ்சள் சண்டை அங்கேயே தீர்ந்துடும். ஒரு பிரேம் சரியானதும் ஸ்டைலைக் காப்பி பண்ணி சுருள் முழுக்க ஒட்டிட்டு, பிரேமுக்கு பிரேம் பிரிண்ட் எக்ஸ்போஷரை மட்டும் தொடுங்க. பிரேமுக்கு ஒரு ஆட்டோ போட்டீங்கன்னா பச்சைப் புல்வெளி இருக்கிற படம் ரோஸாத்தான் போகும், ஏன்னா அதுக்கு சராசரி சாம்பல் ஆகணும்.

ராதெரபிலயும் 5.7லேர்ந்து ஃபிலிம் நெகடிவ் கருவி உண்டு. நிறமில்லாத ரெண்டு இடத்தை, வெளிர் ஒண்ணு, அடர்த்தி ஒண்ணு, தொட்டுக் காட்டணும். சிமென்ட் தரை, தார் ரோடு நல்லா வேலை செய்யும். வெள்ளை வேட்டியைத் தொடாதீங்க! நம்ம ஊர்ல சொட்டுநீலம் போட்டு அலசின துணி அது. அதைச் சாம்பல்னு சொன்னா முகமெல்லாம் மஞ்சக்காமாலை ஆயிடும்.

பழையசுருள்

இருவருக்கும் நன்றி. மேனுவலில் திரும்ப எடுத்து நெகாடாக்டரில் போட்டேன், சுருள் முழுக்க ஒரே நிறத்தில் வருகிறது. இப்போது இரண்டு விஷயம்தான் பாக்கி: நான்கு மூலைகளும் வெளுத்திருக்கின்றன. சில பிரேம்களில் குறுக்கே மெல்லிய வரிகள்.

இருட்டறை

மூலை வெளுப்பு: லென்ஸும் பேனலும் மூலையில் ஒளி குறைவாகத் தருகின்றன, தலைகீழாகும்போது அது வெளுப்பாகிறது. வெறும் பேனல் படத்தை அதே எஃப் 8, அதே ஃபோகஸ் தூரத்தில் எடுங்கள். ராதெரபியில் ரா பக்கத்தில் ஃப்ளாட் ஃபீல்டு என்ற இடத்தில் அந்தக் கோப்பைக் காட்டி, லீனியர் டிஃப்பாக எடுத்து நெகாடாக்டருக்குக் கொண்டுபோங்கள். இந்தத் திருத்தம் தலைகீழாக்குவதற்கு முன்னால்தான் நடக்க வேண்டும். பின்னால் செய்தால் நிறம் திரியும். பேனலுக்கும் ஃபிலிமுக்கும் இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், பேனலில் உள்ள தூசியும் ஃபோகஸில் சிக்காது.

மாறாக, பல்துளை ஓரமாகக் கறுத்து வந்தால் அது வேறு நோய்: துளைகள் வழியே நேரே வரும் ஒளி லென்ஸுக்குள் சிதறுகிறது. கறுப்பு அட்டையில் பிரேம் அளவுக்கு 36 × 24 மிமீ சன்னல் வெட்டிப் போடுங்கள். அறை விளக்கையும் அணையுங்கள்.

கறுப்புவெள்ளை

வரி விழறது எலக்ட்ரானிக் ஷட்டர்னாலதான் இருக்கும். பேனல் வெளிச்சத்தைக் குறைச்சு வச்சா பல எல்இடி வேகமா அணைஞ்சு அணைஞ்சு எரியும், ஷட்டர் வரிவரியாப் படிக்கும்போது அது பதிஞ்சுடும். பேனலை முழு வெளிச்சத்துல வச்சு, மெக்கானிக்கல் ஷட்டர், 1/15 மாதிரி மெதுவா, 2 வினாடி டைமர். பேனல் வாங்குறதா இருந்தா சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டுற அளவு) 95க்கு மேல பாருங்க.

கறுப்பு வெள்ளை நெகடிவ் கலந்திருந்தா அதுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். நெகாடாக்டர்ல ஃபிலிம் வகையை மாத்தினாப் போதும். ஃப்ளாட்பெட் ஸ்கேனர் வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு: இன்ஃப்ராரெட் தூசி நீக்கம் கலர் நெகடிவ்ல அருமையா வேலை செய்யும், வெள்ளி இருக்கிற கறுப்பு வெள்ளையில அணைச்சு வைங்க. வெள்ளி அகச்சிவப்பையும் மறைக்கும், அதனால படத்தையே தூசின்னு நினைச்சு அழிச்சுடும்.

பழையசுருள்

சில ஃபிலிம் துண்டுகளில் சிலந்திவலை மாதிரி பூஞ்சை இருக்கிறது. கழுவிவிட்டு எடுக்கலாமா?

இருட்டறை

தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து படத்தோடு போய்விடும். தண்ணீர் கலக்காத ஃபிலிம் கிளீனரைப் பஞ்சு படாத துணியில் தொட்டு, பளபளப்பான பக்கத்தில் முதலில் பாருங்கள். மங்கலான பக்கம்தான் எமல்ஷன் (படம் பதிந்த படலம்), அதில் அழுத்தவே கூடாது. போகாத கறையை ஹீலிங் டூலில் எடுத்துக்கொள்ளலாம். எது செய்வதாக இருந்தாலும், இருக்கிற நிலையில் ஒரு ரா எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.