கல்லை மட்டும் கழட்டி மாத்திப் போடுற பென்டன் – பூட்டு எப்பிடி வைக்கிறது?

கோண்டாவில்_கிளி:

வணக்கம் எல்லாருக்கும். நான் வீட்டில இருந்து வெள்ளியில சின்னச் சின்ன நகை கீறி ஓடர் எடுத்துக் குடுக்கிறனான், செய்யிறது கன்னாதிட்டியில ஒரு பத்தர். இப்ப அக்காவுக்குத் தையில கலியாணம், அவவுக்கு நானே ஒண்டு செய்து குடுக்கவேணும் எண்டு ஒரு ஆசை. ஒரே பென்டன், ஆனா நடுக்கல்லை மாத்தலாம். கூறைக்குச் சிவப்பு, ரிசப்ஷனுக்கு நீலம், பேந்து கோயில் குளத்துக்குப் போக முத்து, சும்மா போட மூன்ஸ்டோன். நாலு நகைக்குப் போற பவுனை ஒண்டில முடிச்சிடலாம் எண்டு வாயால சொல்ல நல்லாத்தான் இருக்கு, செய்யப் போனாத்தான் தெரியுது.

முதல் காந்தம் வச்சுப் பாத்தனான். யூரியூப்பில கனபேர் செய்யினம், டிக் எண்டு ஒட்டும், வடிவா இருக்கும். போட்டுக்கொண்டு நல்லூர்த் தேருக்குப் போனன். சனத்துக்குள்ள சேலைக்குக் குத்தின சேப்டி பின்னில போய்க் கல்லு ஒட்டிக்கொண்டு நிக்குது, அதைக் கண்டு எடுத்துத் திருப்பி வச்சன், பிறகு வீதியில ஆரோ இடிக்க விழுந்ததுதான், அந்த மணலுக்குள்ள எங்கயெண்டு தேடுறது. நல்லகாலம் அது வெறும் அமெதிஸ்ற், நீலக்கல்லா இருந்திருந்தா அம்மா என்னையும் அங்கயே விட்டிட்டு வந்திருப்பா.

பிறகு பத்தர் தோட்டுக்குப் போடுற மாதிரி திருகும் சுரையும் வச்சுத் தந்தவர். மூண்டு கல்லுக்கு, கல்லைப் பிடிச்சு வைக்கிற மூண்டு கூடு. இதில ரெண்டு பிரச்சினை. ஒண்டு, ஒரு கூட்டின்ரை திருகு மற்றச் சுரைக்கு ஏறுதில்லை. மற்றது, முட்டை வடிவக் கல்லு, இறுக்கி முடிய ஒண்டு நேரா நிக்குது, ஒண்டு சரிஞ்சு நிக்குது, ஒண்டு படுத்தே போச்சு. இளக்கி நேராக்கினா ஆடுது. அவரைக் கேட்டா "பிள்ளை உது கையால வெட்டுற திருகுபுரி, அப்பிடித்தான் வரும்" எண்டுறார்.

ஆரும் உப்பிடிச் செய்து பாத்தனீங்களோ? எல்லாக் கல்லையும் 8க்கு 6 மில்லிமீற்றர் எண்டு ஒரே அளவில வேண்டினாச் சரி வருமோ? கடையில கேட்டா நீலம் அந்த அளவில இல்லையாம்.

----

பழைய_அரம்:

தங்கச்சி, கல்லை ஒரே அளவில தேடிக்கொண்டு திரியாதையுங்கோ, அதுதான் முதல் பிழை. எங்கட நாட்டில வெட்டுற நீலம் நிறை போகாமல் பாத்து வெட்டுறது, அடி பானை மாதிரி ஆழமா இருக்கும், ஒண்டை மாதிரி ஒண்டு வராது. 8க்கு 6 எண்டு அளவு பிடிச்சு வாறது மெஷினில வெட்டுற மலிஞ்ச கல்லு. நல்ல கல்லை அளவுக்கு வெட்டக் குடுத்தா கரட் போகும், காசு போகும். கல்லு எப்பிடியும் இருக்கட்டும், அதுக்கு ஏத்த மாதிரிக் கூடு கட்டுங்கோ. ஒண்டா இருக்கவேண்டியது கூட்டின்ரை கால் மட்டும்தான், அதுதான் பின்னால நீட்டிக்கொண்டு சுரை ஏறுற தண்டு. கால் ஒண்டெண்டா மேல கத்தரிக்காயையும் பூட்டலாம்.

புரி விசயத்தில உங்கட பத்தர் சொன்னது உண்மைதான். வலத்தோட்டுச் சுரை இடத்தோட்டுக்கு ஏறாது எண்டு எங்கட மனிசிமாருக்கு எல்லாம் தெரியும். அதை மாத்தவேணுமெண்டா கையால வெட்டாமல், காலில புரி வெட்டுற டையும் சுரைக்குள்ள புரி வெட்டுற ராப்பும் வாங்கி எல்லாக் காலிலயும் ஒரே டையால புரி எடுக்கவேணும். எம் 2 எண்டு கேளுங்கோ, அது 2 மில்லிமீற்றர் தடிப்புக்கு, புரி இடைவெளி 0.4 மில்லிமீற்றர், சுரைக்கு 1.6ல துளை போட்டு ராப் விடுறது. அதைவிடச் சின்னன் வேண்டாம், வெள்ளியும் 22 கரட்டும் மெது, பத்துத் தரம் கழட்டிப் பூட்டப் புரி தேஞ்சிடும்.

சரிஞ்சு நிக்கிறதுக்கு மருந்து, காலைத் திருகாதையுங்கோ. காலின்ரை மேல்ப்பக்கம் சதுரம், கீழ்ப்பக்கம் உருண்டைப் புரி. பென்டன் தகட்டில சதுர ஓட்டை. கூட்டை நேரா இறக்கினா அது திரும்பவே ஏலாது, பின்னால சுரையை மட்டும் திருகி இறுக்கிறது. சதுரம் 2.5 மில்லிமீற்றர் காணும். இதில ஒரு சின்ன நுணுக்கம் இருக்கு, கனபேர் இதிலதான் விடுறவை. தகடு 1.2 தடிப்பெண்டா சதுரம் 1.0தான் உயரம் இருக்கவேணும். சதுரம் தகட்டை விட வெளிய நீட்டிக்கொண்டு நிண்டா சுரை சதுரத்தில போய் முட்டி நிண்டிடும், இறுகிற மாதிரி இருக்கும், ஆனா கூடு கிலுகிலுக்கும். சுரையின்ரை அகலமும் அந்தச் சதுரத்தின்ரை மூலைக்கு மூலை அளவை விடப் பெருசா இருக்கவேணும், இல்லாட்டி ஓட்டைக்குள்ளாலயே வந்திடும். 5 மில்லிமீற்றர் போடுங்கோ, முதுகை வளைச்சு அழுத்தமா விடுங்கோ, நெஞ்சில உரசாது.

ஒரு உருக்குத் தகட்டில அந்தச் சதுர ஓட்டையை ஒருக்கா வடிவா அராவி வையுங்கோ. இனிச் செய்யிற ஒவ்வொரு காலும் அதுக்குள்ளால போகவேணும், போகாட்டித் திருப்பி அராவிறது. அவ்வளவுதான் ராசா, உதுக்குப் பெரிய மெஷின் ஒண்டும் தேவையில்லை.

----

ஸ்காபரோ_சுண்டெலி:

அண்ணை சொன்ன கதை அருமை, சதுரக்கால் ஐடியாவை நான் சுட்டுட்டன். ஆனா ஒரு குறை இருக்கு அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. கல்லுக்கு நேர கீழ கால் வந்தா வெளிச்சம் பின்னால போகாது, வெளிர் நீலம் எண்டாப் பரவாயில்லை, ஏற்கெனவே கறுத்த நீலத்தை மூடிக்கட்டினா மை போத்தல் மூடி மாதிரி இருக்கும். இன்னொண்டு, ராசிக்குக் கல்லுப் போடுற ஆக்கள் கல்லு உடம்பில படவேணும் எண்டு நிப்பினம், அவைக்கு உது சரிவராது.

நான் இங்க ஒரு நகைப் பட்டறையில காட் வேலை, அதுதான் நகையைக் கம்ப்யூட்டரில கீறுறது, செய்யிறன், திரீடி பிரிண்டில மெழுகு மாதிரி ரெசின் எடுத்து வார்க்கிறது. நாங்கள் செய்யிறது கமரா லென்ஸ் பூட்டுற முறை. கூடு நடுவில திறந்த வளையம், வெளிவிளிம்பில மூண்டு பல்லு, ஒரு பல்லு மற்ற ரெண்டையும் விட அகலம். அதால ஒரே ஒரு விதமாத்தான் உள்ள போகும், கொஞ்சம் திருப்பினாப் பூட்டிடும், கல்லு எப்பவும் நேரா நிக்கும். திரும்பி வராமல் இருக்க ஸ்பிரிங் மாதிரி ஒரு சின்னச் சுருள் நாக்கு கூட்டில இருக்கிற ஒரு பள்ளத்தில விழும்.

ரெண்டு விசயத்தில நாங்கள் நல்லா அடிபட்டனாங்கள். கம்ப்யூட்டரில வச்ச இடைவெளி கையில வாற இடைவெளி இல்லை. வார்க்கேக்க கொஞ்சம் சுருங்கும், பிறகு பொலிஷ் பண்ணேக்க ஒரு பக்கம் 0.1 மில்லிமீற்றர் மட்டில போகும், அது பல்லில போனா பூட்டு தளர்ந்திடும். அதால பூட்டு வாற இடங்களைக் கொஞ்சம் தடிப்பா வார்த்து, கடைசியாக் கையால அளவுக்கு எடுக்கிறம். புரியை வார்க்கவே வார்க்காதையுங்கோ, அது வார்த்தபிறகு வெட்டுறது. மற்றது அந்தச் சுருள் நாக்கு. அதைப் பற்றவச்சா சூட்டில மெதுவாகி சுருள்த் தன்மை போயிடும், பேந்து வாழைநார் மாதிரிக் கிடக்கும். 18 கரட் கம்பியை இழுத்து அடிச்சு விறைப்பாக்கி, எல்லாப் பற்றவைக்கிற வேலையும் முடிஞ்ச பிறகு ஆணி அடிச்சுத்தான் பூட்டவேணும். 22 கரட்டில நாக்குச் செய்ய யோசிக்கவே வேண்டாம்.

காந்தம் பற்றி: சாதாரண நியோடிமியம் 80 பாகை தாண்டினாச் சத்துக் குறையும், எண்டபடியால் பட்டறையில சூடு காட்டவே ஏலாது. மேல்ப்பூச்சுக் கீறுப்பட்டாக் கறள் பிடிக்கும். பேஸ்மேக்கர் வச்ச ஆக்கள் நெஞ்சுக்குக் கிட்டப் போடவும் கூடாது. நீங்கள் மணலில விட்டதோட விட்டுதெண்டு நினையுங்கோ.

உப்பிடி மாத்திப் போடுற நகை ஒண்டும் புதுசில்லை, வான் கிளீஃப் அன்ட் ஆர்பெல்ஸ் 1950ல ஜிப் மாதிரியே ஒரு கழுத்துமாலை செய்தவை, ஜிப்பை இழுத்து மூடினா அது கைக்குப் போடுற பிரேஸ்லெற்றா மாறும். படம் தேடிப் பாருங்கோ, வாய் பிளப்பியள்.

----

மாம்பழச்_சந்தி_அன்ரி:

நீங்கள் எல்லாரும் பூட்டைப் பற்றியே கதைக்கிறியள், ஒருத்தரும் அடைவைப் பற்றிக் கதைக்கேல்லை. பிள்ளை, எங்கட ஊரில நகை போடுறதுக்கு மட்டுமோ? வளவு வேலிக்கும், பெடியன்ரை ரியூஷனுக்கும் நகை வங்கிக்குப் போய்த்தான் வாறது. அங்க கல்லுக்கு ஒரு சதம் தரமாட்டினம், கல்லு நிறையைக் கழிச்சுத்தான் பாப்பினம், அதுவும் தங்கட கண்மட்டத்துக்குக் கூடக் கழிப்பினம். அப்ப உங்கட இந்தக் கழட்டுற பென்டன் எனக்கு உண்மையிலயே பிடிச்சுப்போச்சு, கல்லைக் கழட்டி வீட்டில வச்சிட்டு வெறும் பொன்னைக் கொண்டுபோகலாம். ஆனா அதுக்குள்ள காந்தம், உருக்கு எண்டு கலந்து வச்சா அவை அதுக்கும் சேத்துக் கழிப்பினம். அதனால அக்காவுக்கெண்டு பொன்னில செய்யேக்க எல்லாம் பொன்னாவே இருக்கட்டும், அந்த 18 கரட் நாக்கையும் எங்கயெண்டு சொல்லிவைக்கவேணும்.

எங்கட அம்மம்மான்ரை அட்டியலில பதக்கம் கொளுக்கியிலதான் தொங்கினது, கழட்டிச் சங்கிலியில கோத்துப் போடுவா. ஆரும் அதுக்கு டிசைன் எண்டு பேர் வைக்கேல்லை. அந்த அட்டியல்க் கல்லு அரக்கில பதிச்சது, பின்பக்கம் முழுக்க மூடி. உந்தக் காலத்துப் பிள்ளையள் அதைக் கொண்டுபோய் நகை கழுவிற மெஷினில போட்டு அரக்கெல்லாம் இளகி ரெண்டு கல்லு போச்சு. எல்லாத்தையும் விட, தாலிக்கொடியில மட்டும் உந்தக் கழட்டிப் பூட்டுற விளையாட்டு வேண்டாம், சொல்லிப்போட்டன்.

கேக்கவேணும் எண்டு வந்தது இதுதான்: முத்தும் நீலமும் ஒரே பெட்டியிலயோ வைக்கப்போறியள்?

----

கோண்டாவில்_கிளி:

அன்ரி ஓம், ஒரு சின்ன வெல்வெற் பெட்டி, நாலு கல்லும் ஒண்டா. ஏன், பிழையோ?

----

மாம்பழச்_சந்தி_அன்ரி:

முத்து தோல் உரிஞ்சு போகும் பிள்ளை.

----

ஸ்காபரோ_சுண்டெலி:

அன்ரி சரியாப் பிடிச்சிட்டா, நான் இதை யோசிக்கவே இல்லை. நகையில கட்டின கல்லு தன்ரை இடத்தில இருக்கும், கழட்டுற கல்லுதான் பெட்டிக்குள்ள உருளும். கல்லின்ரை கடினத்தை அளக்கிற மோஸ் கணக்கில நீலம் 9, ஸ்பினல் எண்ட கல்லு 8, மூன்ஸ்டோன் 6 – 6.5, முத்து 2.5ல இருந்து 4.5க்குள்ள. மேல உள்ளது கீழ உள்ளதைக் கீறும். வீட்டுத் தூசியிலயே குவார்ட்ஸ் இருக்கு, அது 7, அதால மூன்ஸ்டோனைத் துணியால அழுத்தித் துடைச்சாலே காலப்போக்கில மங்கும். மூன்ஸ்டோனுக்குப் பிளவுத் தளமும் இருக்கு, இடி பட்டா ஒரு பக்கமாப் பிளக்கும், அதால மீற்றியாகொடை எண்ட ஊர் மூன்ஸ்டோன் வேண்டினா நல்ல உயரமான விளிம்புக் கூடாக் கட்டுங்கோ, கல்லைக் கவ்விப் பிடிக்கிற நாலு நகம் வைக்கவேண்டாம். சிவப்புக்கு மாணிக்கம் விலை கூடவெண்டா ஸ்பினல் எடுங்கோ, அதுவும் எங்கட நாட்டுக் கல்லுதான், அக்காவுக்கு வித்தியாசம் தெரியாது (தெரிஞ்சா நான் சொல்லேல்லை).

ஒவ்வொரு கூட்டுக்கும் தனித்தனிக் குழி வெட்டின பெட்டி செய்யுங்கோ. குழியிலயும் அதே சதுர ஓட்டை வச்சா கால் அதுக்குள்ள இறங்கி நிக்கும், ஒண்டு குறைஞ்சாலும் உடன தெரியும்.

----

பழைய_அரம்:

அந்தப் பெட்டிக் கதை நல்லாயிருக்கு தம்பி. வெளிச்ச விசயமும் ஒத்துக்கொள்ளுறன், அதுக்கு ஒரு வழி: நடுவில ஒரு கால் வைக்காமல் கூட்டுக்கு மேலயும் கீழயும் வெளிய தள்ளி ரெண்டு கால் வைக்கலாம், நடு திறந்தே இருக்கும், ரெண்டு காலெண்டா சதுரமும் தேவையில்லை, தானாவே திரும்பாது. ஆனா ரெண்டு சுரை, ரெண்டு தரம் திருகிற சோலி. கலியாண வீட்டில பொம்பிளையைச் சோடிக்கிற நேரம் உது சரிவருமோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும். முத்துக்குப் பழையபடி ஒரு கால் போதும், முத்துக்கு ஆர் பின்னால பாக்கப்போகினம்.

முத்தைக் கடைசியா வையுங்கோ. கூடு, கால், பொலிஷ் எல்லாம் முடிய ஆணியில பசை போட்டுக் குத்திறது. ஒருக்கா வச்சபிறகு அந்தக் கூட்டுக்குக் கிட்ட ஊதுகுழல் கொண்டுபோகக் கூடாது.

பொன்னில கை வைக்க முதல் பித்தளையில ஒண்டு செய்து பாருங்கோ. 22 கரட் பித்தளையை விட ரெண்டு மடங்குக்கு மேல பாரம், பித்தளை 4 கிராம் வந்தா பொன்னில ஒரு பவுன் தாண்டும். இதைச் சொல்லாமல் செய்து குடுத்துப்போட்டு நான் ஒருக்கா நல்லா வாங்கிக்கட்டினனான்.

----

கோண்டாவில்_கிளி:

ரெண்டு கிழமை கழிச்சு வாறன், குறை நினைக்காதையுங்கோ. சுன்னாகத்தில ஒரு சைக்கிள்க் கடைக்காரர் உருக்குத் தகடு தந்தவர், பத்தர் ஓட்டை அராவித் தந்தார், எம் 2 டை கொழும்பில இருந்து வரத்தான் நாள் போச்சு. பித்தளையில மூண்டு கூடு செய்தாச்சு, எந்தச் சுரையும் எந்தக் காலுக்கும் ஏறுது, மூண்டும் நேரா நிக்குது!!! பத்தரே ரெண்டு மூண்டு தரம் மாத்தி மாத்திப் பூட்டிப் பாத்தவர், முகத்தில ஒரு சிரிப்பு. நீலத்துக்கு மட்டும் ரெண்டு கால், மற்றதுக்கு ஒண்டு. எல்லாம் சேத்து 5 கிராம் வந்தது, பழைய_அரம் ஐயா சொன்னமாதிரிக் கணக்குப் பாத்தா பத்துக்கு மேல போகுது, தகட்டைச் சல்லடை மாதிரி வெட்டிக் குறைக்கவேணும்.

போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில மூண்டு நாள் கோண்டாவிலுக்கும் ரவுணுக்கும் ஓடித் திரிஞ்சன், எங்கட றோட்டுத் தெரியும்தானே, அதைவிட நல்ல டெஸ்ற் வேற இல்லை. ரெண்டாம் நாள் ஒரு சுரை இளகிப்போச்சு, விழேல்லை, ஆனா கையால திருப்ப ஏலும் எண்ட மாதிரி. பசை போடலாமோ?

----

பழைய_அரம்:

பசை போட்டா பேந்து எப்பிடிக் கழட்டிறது பிள்ளை. சுரையின்ரை பக்கத்தில வாளால ஒரு வெட்டுப் போட்டு, குறட்டால லேசா, மெய்யாவே லேசா அமத்துங்கோ, புரியைக் கவ்விப் பிடிக்கும். தோட்டுச் சுரைக்குச் செய்யிறதுதான், உங்கட பத்தருக்குத் தெரியும். தேஞ்சா சுரைதான் தேயவேணும், கால் தேயக் கூடாது, அதால பொன்னில செய்யேக்க காலைக் கொஞ்சம் விறைப்பான 18லயும் சுரையை 22லயும் செய்யச் சொல்லுங்கோ. அன்ரிக்கும் அதை இப்பவே சொல்லிவையுங்கோ.

----

மாம்பழச்_சந்தி_அன்ரி:

வாசிச்சிட்டன். சுரை ரெண்டு கூடச் செய்து அம்மான்ரை அலுமாரிக்குள்ள வையுங்கோ.