புதுப்பிப்பு: ஒர்க்‌ஷாப்புக்கு எந்த ஸ்பேனர்? வாங்கியாச்சு

காரைக்குடி ஒர்க்‌ஷாப்புக்கு எந்த பிராண்டு ஸ்பேனர் எடுக்கலாம்னு போன மாசம் கேட்டிருந்தேன். பழைய செட்டு வாய் விரிஞ்சு, நட்டு மூலையெல்லாம் மழுங்கிக்கிட்டு இருந்துச்சு. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

ஜெர்மனியோட கெடோர், ஸ்டால்வில் ரெண்டும் நம்ம கைக்கு எட்டலை. "நாசிக் டபாரியா போதும் தம்பி"ன்னு தேவகோட்டை அண்ணன் சொன்னதைத்தான் வாங்கினேன். அவர் சொன்ன இன்னொண்ணு அதைவிட உதவுச்சு: இறுகின நட்டுக்கு உள்ள 12 மூலை இருக்கிற பாக்ஸ் (நட்டைச் சுத்தி மூடிப் பிடிக்கிற ஸ்பேனர்) வேணாம், 6 மூலை பாக்ஸ் போடு. டிராக்டர் நட்டுல ராத்திரி டீசல் விட்டு, காலையில போட்டேன், மழுங்காம கழண்டுச்சு.

எதிர்பாராதது என்னன்னா, வாய் விரிஞ்ச அந்தப் பழைய செட்டுலயும் 'குரோம் வனேடியம்'னுதான் (உறுதியான எஃகுக் கலவையோட பேரு) பொறிச்சிருக்கு! சூடாக்கிக் குளிரவைக்கிற பதம் சரியில்லைன்னா அந்த எழுத்தால பிரயோஜனமில்ல. ராட்செட் (நட்டுல இருந்து எடுக்காம முன்னும் பின்னும் ஆட்டியே திருகுற கைப்பிடி) இன்னும் வாங்கலை.