கதவு சரியில்லாத வண்டியில் அடிபட்டு இழப்பீட்டு வழக்குப் போட்டவர்கள் இருக்கிறீர்களா?

நாமக்கல்வாசி:
அம்மாவுக்கு நடந்தது. மினி பஸ், முன் கதவு. தாழ்ப்பாள் தேய்ந்துபோய் நீல நைலான் கயிற்றால் கம்பியோடு கட்டியிருந்தார்கள். அந்த ரூட்டில் போகிற எல்லோரும் பார்த்ததுதான். ஒரு வளைவில் கயிறு நழுவிக் கதவு திறந்துகொண்டது, அம்மா ரோட்டில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. என்னால் மறக்க முடியாதது நாலாம் நாள். ஸ்டேஷன் வாசலில் பிரேக் இன்ஸ்பெக்டர் பஸ்ஸைப் பார்க்கிறார், கதவில் புதுத் தாழ்ப்பாள் மின்னுகிறது. சுற்றிலும் வெல்டிங் வைத்த கருப்புகூட அழியவில்லை. ரிப்போர்ட்டில் 'விபத்து இயந்திரக் கோளாறால் நேரவில்லை' என்று ஒரே வரி. இன்சூரன்ஸ் வக்கீல் அதை வாசித்துவிட்டு, "படியிலதானே நின்னீங்க?" என்று அம்மாவைக் கேட்டார். கேஸ் இன்னும் நடக்கிறது.

திருச்சி_சரவணன்:
அன்றைக்கே ஒரு போட்டோ எடுத்திருக்க வேண்டும். என் மகளின் பள்ளி வேனில் தள்ளு கதவு திறந்தால் நிற்காது, டிரைவர் மரக்கட்டை செருகி வைப்பார். கட்டை விலகி விரல் நசுங்கியது. கட்டையில் ரத்தம் ஒட்டியிருந்த போட்டோவைக் காட்டிய பிறகுதான் இன்சூரன்ஸ் நகலையே கொடுத்தார்கள். 2012-ல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியாக ஒரு குழந்தை விழுந்து இறந்தது, அதே வருடம் பள்ளி வண்டிகளுக்குத் தனி விதியும் வந்தது. அப்புறமும் இப்படி ஒரு கதவு!

கடலூர்_மைந்தன்:
அம்மா ரோட்டில் கிடக்கும்போது யார் சார் போனைத் தேடுவார்கள்? அப்படிச் சொல்லாதீர்கள். டவுன் பஸ்ஸின் தானியங்கிக் கதவு என் தோளை நெரித்தது, ஒரு வாரம் வீக்கம், வழக்குப் போடவில்லை. ஆனால் மைத்துனன் கேஸுக்காக நிறைய அலைந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்) 'கதவு திறந்து விழுந்தார்' என்றே எழுதச் சொல்லுங்கள். வெறும் 'கீழே விழுந்தார்' என்று இருந்தால் பிறகு அதையே பிடித்துக்கொள்வார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின் கீழ் இழப்பீட்டு மனுவை நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம். 2022 ஏப்ரலில் வந்த விதிப்படி விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதக் கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள். எலும்பு முறிந்தாலே கொடுங்காயம். அதே சட்டத்தின் 164-ஆம் பிரிவில் போனால் கொடுங்காயத்துக்கு, யார் தவறு என்று நிரூபிக்காமலே 2.5 லட்சம். புது வண்டியில் கதவே கோளாறாக வந்திருந்தால் 2019 நுகர்வோர் சட்டப்படி தயாரித்த கம்பெனி மேல் போகலாம், அதற்கு 2 வருடம். நாமக்கல் நண்பரே, தீர்ப்பாயம் கிரிமினல் கோர்ட் மாதிரி அணுவளவும் சந்தேகமில்லாத ஆதாரம் கேட்காது. உங்கள் பக்கம் நம்பும்படி இருந்தால் போதும். கயிற்றைப் பார்த்த ஒரு பயணியைக் கூட்டி வாருங்கள்.

நாமக்கல்வாசி:
கிடைத்துவிட்டார். தினம் அதே பஸ்ஸில் வரும் பூக்கார அக்கா. கதவைக் கட்டக் கயிறு வேண்டும் என்று டிரைவர் கேட்டது அவரிடம்தானாம். கூடையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்திருக்கிறார். மீதிக் கயிறு இன்னும் கூடையில் இருக்கிறது, நேற்று காட்டினார். அடுத்த வாய்தாவுக்கு அதையும் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்கிறார்.