சர்டிஃபைட் ஸ்விஃப்ட்டுக்கு 60,000 கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி (வேளச்சேரிவாசி):
வணக்கம். முதல் கார் வாங்கப் போகிறேன். 2019 ஸ்விஃப்ட் பெட்ரோல் இரண்டு பார்த்திருக்கிறேன். ஒன்று மாருதியின் பழைய கார் கடையான ட்ரூ வேல்யூவில், 41,000 கி.மீ., ஒரே ஓனர், ஒரு வருட வாரண்டி, மூன்று சர்வீஸ் இலவசம். இன்னொன்று அப்பாவுக்குத் தெரிந்த புரோக்கரிடம், ஓட்டமும் ஏறக்குறைய அதேதான், விலை 60,000 குறைவு. ட்ரூ வேல்யூவில் 376 இடங்களில் சோதித்துச் சான்றிதழ் கொடுத்த கார் என்றால் அந்தப் பணம் தகும் என்பது என் எண்ணம், அப்பாவோ அது வெறும் ஸ்டிக்கர் காசு என்கிறார். யார் சொல்வது சரி?

பதில் (கிரீஸ்கை):
ரெண்டு பேருமே பாதி சரி. சோதனைப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று பார்க்காதீர்கள், வாரண்டி புத்தகத்தை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வாங்கிப் படியுங்கள். பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸ் சமாச்சாரம்தான் அதில் வரும். கிளட்ச், பிரேக் பேட், டயர், பேட்டரி எல்லாம் நம் தலையில்தான். அப்புறம், ஒரே கடையில் சான்றிதழ் உள்ள காரும் இல்லாத காரும் சேர்ந்தே நிற்கும், நீங்கள் பார்த்தது எது என்று எழுத்தில் கேளுங்கள்.

சென்னைக் கார் என்பதால் இன்னொன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அந்தக் கார் எங்கே நின்றது? நேரில் கேட்டால் எல்லோரும் மாடியில் நின்றது என்பார்கள். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அடிப்பகுதியில்தான் தங்கும். ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியையும் சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். கார் வாசனையாக இருந்தால், ஈர நாற்றத்தை மறைக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்தான் கூடும்.

டயரில் தயாரிப்புத் தேதியாக நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். 41,000 ஓடிய காரில் முதல் டயரே இருக்கலாம், போன வருடம்தான் மாற்றினார்கள் என்றாலும் தப்பில்லை. ஆனால் இப்போது இருக்கும் டயரே 2021-இல் வந்து வழுவழுவென்று தேய்ந்திருந்தால், அதாவது இரண்டாவது செட்டும் தீர்ந்திருந்தால், மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

பதில் (ஆர்டிஓ வரிசை):
பேப்பர் பக்கம் நான் சொல்கிறேன். ஆர்.சி.யில் ஹைப்பொதிகேஷன், அதாவது கடன் கொடுத்த பேங்கின் பெயர், இருந்தால் கடன் பாக்கி இல்லை என்ற பேங்க் என்.ஓ.சி.யும் அந்தப் பெயரை நீக்க ஃபார்ம் 35-உம் வேண்டும், பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பழைய ஓனருடைய நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும், அதனால் பிரீமியம் ஏறும். இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் 18% ஜி.எஸ்.டி. என்று முழு விலைக்கும் பேசினால் ஏமாறாதீர்கள். அவர்கள் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் வரி. தனியாள் விற்றால் அதுவும் கிடையாது, உங்கள் 60,000-இல் ஒரு பங்கு அங்கேயும் இருக்கிறது.

பதில் (தாம்பரம் பாலம்):
சொந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். நான் பார்த்த ஒரு கடையில் அவரை பானெட்டைத் திறக்கவே விடவில்லை, "நாங்களே செக் பண்ணிட்டோம் சார்" என்றார்கள். அப்படியே வந்துவிட்டேன்.

வேளச்சேரிவாசி:
நன்றி. புரோக்கரிடம் ஆர்.சி. நகல் கேட்டேன், அதில் இன்னும் பேங்க் பெயர் இருக்கிறது. கடனை எப்போதோ கட்டி முடித்துவிட்டார்களாம், என்.ஓ.சி. மட்டும் "தேடிக்கொண்டிருக்கிறார்களாம்".

ஆர்டிஓ வரிசை:
கடன் முடிந்திருந்தால் பேங்கில் டூப்ளிகேட் கேட்டு வாங்கலாம், அது ஓனர் செய்ய வேண்டிய வேலை. அது கைக்கு வரும்வரை அட்வான்ஸ்கூட வேண்டாம்.