மறு: படைத்துணையா, ராணுவ உதவியா?

நாம் தமிழாக்கும் அமெரிக்கப் பேரிடர்க் கையேட்டில் வரும் 'Defense Support of Civil Authorities' என்பதற்குக் 'குடிமை நிர்வாகத்துக்குப் படைத்துணை' என்று போடுவது பற்றி வந்த மறுப்புகளுக்கு என் பதில்.

> 'ராணுவ உதவி' என்றே போட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். செய்தித்தாளில் 'ராணுவ உதவி' என்றால் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு ஆயுதமும் பணமும் தருவது. நம் கையேட்டில் இருப்பதோ அமெரிக்காவுக்குள்ளேயே புயல் வெள்ளத்தில் படை வந்து கைகொடுப்பது. அதுவும் தலைமை ஏற்க வருவதில்லை. பெரும்பாலும் ஆளுநர் கேட்டு, 1988-இன் ஸ்டாஃபர்ட் சட்டப்படி அதிபர் பேரிடர் என்று அறிவித்து, கூட்டரசின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபீமா வேலையைப் பிரித்துக் கொடுத்த பிறகுதான் வருகிறது. உயிர் போகிற அவசரம் என்றால் உள்ளூர் அதிகாரி கேட்டதுமே பக்கத்து முகாமின் தளபதி மேலிட உத்தரவுக்குக் காத்திராமல் ஆளனுப்பலாம். அப்போதும் 72 மணி நேரத்துக்குள் இன்னும் தேவைதானா என்று பார்த்தாக வேண்டும். யாருக்கு யார் துணை என்பது சொல்லிலேயே தெரியாவிட்டால் கையேட்டின் உயிரே போய்விடும். 'துணை'யில் அது தெரிகிறது.

> துணைப்படையோடு குழம்புமே?

குழம்பாது. துணைப்படை என்பது ஒரு வகைப் படை, படைத்துணை என்பது ஒரு வகைத் துணை. தொகையில், அதாவது கூட்டுச்சொல்லில், தலைச்சொல் கடைசியில்தான் நிற்கும் என்று இந்தக் குழுவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

> 'குடிமை நிர்வாகம்' தவறு. குறளில் குடிமை என்றால் உயர்குடிப் பிறப்பின் பண்பு, 96-ஆம் அதிகாரம்.

ஐயா, அதை மறுக்கவில்லை. ஆனால் 'படைகுடி கூழ்அமைச்சு' என்று அதே வள்ளுவர் அடுக்கும்போது குடி என்பது மக்கள்தானே, அதுவும் படைக்குப் பக்கத்திலேயே! குடிமைப்பணித் தேர்வு எழுதுகிறவர்கள் யாரும் குலப்பெருமையை நினைத்து எழுதுவதில்லை. 'civil' என்பதற்கு நீதிமன்றத்தில் வழங்கும் 'உரிமையியல்' இங்கே ஒட்டவே ஒட்டாது.

அப்புறம், 'தானைத்துணை' சொன்ன அம்மாவுக்கு: காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. தானைக்கு ஆடை என்றும் பொருள் உண்டு, முந்தானையில் இருப்பதும் அந்தத் தானைதான். படையும் துணியும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன என்று பேச எனக்கும் கொள்ளை ஆசை, தனி விவாத இழை தொடங்குங்கள், வருகிறேன். வெள்ளத்தில் நிற்கிறவர் புரட்டுகிற கையேட்டுக்கு அது வேண்டாம்.

இன்னொன்று, அதே கோப்பில் 'இரட்டைநிலைத் தளபதி' வருகிறது. 2005-இல் கத்ரீனா புயலின்போது தேசியக் காவல்படை ஆளுநரின் கீழும் கூட்டரசுப் படை அதிபரின் கீழும் தனித்தனிக் கட்டளையில் இயங்கின. அப்படிப் பிரிந்து நிற்காமல் இரண்டுக்கும் ஒரே ஆள் தலைமை தாங்குவதுதான் இந்தப் பதவி. 'இரு ஆணைத் தளபதி' இன்னும் தெளிவு என்பது என் எண்ணம்.

---

எல்லோருக்கும் நன்றி. நாளை காலை கோப்பை அனுப்பியாக வேண்டும், அதனால் பெரும்பாலோர் சொன்னபடி 'குடிமை நிர்வாகத்துக்குப் படைத்துணை' என்று போடுகிறேன். தளபதி 'இரட்டைநிலை'யாகவே இருக்கட்டும், முந்தைய பதிப்பில் அச்சாகிவிட்டது.

---

சரி, போடுங்கள். 'குடிமை' வேண்டாம் என்ற என் மறுப்பு அப்படியே நிற்கிறது: 'சிவில் நிர்வாகம்' என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும், 'குடிமை' என்றால் அடிக்குறிப்பு கேட்பார்கள். தானைக்கு யாராவது இழை தொடங்கினீர்களா?