கடலோரக் கிடங்கும் ஒரு கலைச்சொல்லும்

அன்புடையீர்,

இராயபுரத்தின் கடலோரக் கிடங்குகளைப் பார்வையிட வரும் கட்டடக்கலை மாணவர்களுக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. தொழில் நின்றுபோன பழைய கட்டடத்தை இடிக்காமல் செப்பனிட்டு, நூலகமாகவோ காட்சிக்கூடமாகவோ வேறு பணிக்கு அமர்த்துவதைக் குறிக்க ஒரு சொல் வேண்டும். 'மறுபயன்பாடு' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் நெகிழிப் புட்டியை நினைத்துக்கொண்டார்.

— இராயபுரம்

'புதுக்குதல்' இருக்கப் புதுச்சொல் எதற்கு? கோயிலைப் பழுதுபார்க்க விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் 'புதுக்குப்புறம்' என்கின்றன. மேலும், தாங்கள் எழுதிய 'கிடங்கு' பழைய வழக்கில் அகழியாகும். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் என்னும் ஊர்ப்பெயரையும் எண்ணிப் பார்க்கவும்.

— பெரம்பூர்

ஐயா, புதுக்கிய பின்னும் கோயில் கோயிலாகவே இருக்கும். இங்கு மாறுவது பணி. உப்புக்காற்றில் பூச்சு உதிர்ந்த சுவருக்குச் சிமெண்டைத் தவிர்த்து, ஈரம் வெளியேற விடும் சுண்ணச்சாந்தையே மீண்டும் பூசுவது புதுக்குதல். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய கடற்கரைக் கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறதே, அதற்கே நமக்குச் சொல் இல்லை. ('ஐஸ் ஹவுஸ்' என்ற பெயரை மட்டும் ஊர் இன்னும் விடவில்லை.) 'பயன்மாற்றம்' என்பது என் பரிந்துரை.

— தண்டையார்பேட்டை

'பயன்மாற்றம்' வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கத்தில் 'நிலப் பயன்பாட்டு மாற்றம்' என்றாலே, கழிமுகத்தையும் உப்பளத்தையும் தூர்த்துத் தொழிற்சாலைக்குக் கொடுப்பது என்றுதான் பொருள் கொள்வார்கள். காக்கும் வேலைக்கு அழிக்கும் வேலையின் பெயரைச் சூட்டினால், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மீனவர்கள் எழுந்து நின்று எதிர்ப்பார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. 'மாறுபயன்' எனலாம், வினைத்தொகையாதலால் ஒற்று மிகாது.

— எண்ணூர்

'மாறு' என்பதற்குப் பகை என்றும் பொருளுண்டு. 'மாறுபயன்' என்பதை விபரீத விளைவு என்றே மாணவர் படிப்பர். 'மாற்றுப்பயன்' என்றால் அந்த இடரில்லை.

— தண்டையார்பேட்டை

அதில் கட்டடத்தைக் காக்கும் பொருள் எங்கே இருக்கிறது? பாதிக் கருத்துதான் வருகிறது.

— எண்ணூர்

அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். மூவர் ஒருவாறு இசைந்ததால் 'மாற்றுப்பயன் சீரமைப்பு' என்று போடுகிறேன். எண்ணூர் நண்பரின் மறுப்புக்கு விடை சொன்னதாக அந்தச் 'சீரமைப்பை'க் கொள்ளவும். முதலில் வரும் இடத்தில் ஒருவரி விளக்கமும் சேர்த்திருக்கிறேன்.

— இராயபுரம்

நான் இசையவில்லை. கிடங்கு அகழியா, சரக்கறையா என்பதும் இன்னும் தீரவில்லை.

— பெரம்பூர்