சுண்ணாம்புக்கல் இல்லாத மலையில் சுண்ணாம்புக்கு என்ன வேலை?

(ஒரு கலந்துரையாடல். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது அதை எழுதியவரின் புனைபெயர்.)

குன்னூர் மேல்வீடு

எங்கள் வீடு தாத்தா காலத்துக் கருங்கல் கட்டடம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்புச் சாந்து, உள்ளே சுண்ணாம்புக் காரை. ஆறு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை அறைகிற கிழக்குச் சுவருக்கு வெளியே சிமெண்ட் பூசினோம். மறு ஆண்டே உள்பக்கம் ஓதம் ஏறத் தொடங்கிவிட்டது. இன்று இடுப்பளவுக்கு உப்பு பூத்துக் காரை பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனையை விரலால் அழுத்தினால், ஊறிய ரொட்டியைப் போல் உள்ளே போகிறது.

ஆகவே சிமெண்டை எல்லாம் உதிர்த்துவிட்டுச் சுண்ணாம்பே பூசப்போகிறேன். பக்கத்துத் தேயிலைத் தோட்டக்காரர் வேண்டாம் என்கிறார். சுண்ணாம்புத் தண்ணீர் சரிவில் இறங்கினால் மண் கெட்டுவிடும் என்பது அவர் பயம். சான்றாக என் வீட்டு ஹைட்ராஞ்சியாவையே காட்டுகிறார். ஒரே செடியிலிருந்து வெட்டி நட்ட பதியன்கள்தாம் எல்லாம். சரிவோரம் இருப்பவை நல்ல நீலத்தில் பூக்கின்றன, கிழக்குச் சுவரை ஒட்டியவை மட்டும் இளஞ்சிவப்பாகிவிட்டன. பூவின் நிறம் மாறியதை நானும் மறுக்கவில்லை. அதற்காகச் சுவரைச் சாகவிட முடியுமா?

சோலைமண்

தோட்டக்காரர் சொல்வது சரி, அம்மா. நீலகிரியில் சுண்ணாம்புக்கல் கிடையாது. இந்த மலையின் உடல் சார்னோகைட் பாறை, பூமியின் அடியாழத்தில் கொதிப்பிலும் அழுத்தத்திலும் உருவானது, வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அதன் மேல் கிடக்கும் மண்ணிலிருந்து, இருந்த கொஞ்சநஞ்சச் சுண்ணாம்புச் சத்தையும் மழை காலங்காலமாகக் கழுவிக்கொண்டுபோய்விட்டது. எஞ்சியது புளிப்பு மண். சோலையும் புல்வெளியும் அந்தப் புளிப்புக்கே பழகியவை. சோலையோரத்துக் காட்டுப்பூவரசுக்கு (ரோடோடென்ட்ரான் மரம்) சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்தை எடுக்கத் தெரியாது. நரம்பு பச்சையாகவும் நடுவே மஞ்சளாகவும் இலை வெளிறிப்போகும்.

ஹைட்ராஞ்சியா இந்த மண்ணின் செடி இல்லைதான். ஆனால் மண்ணின் குணத்தை அதைப்போல் பளிச்சென்று காட்டுவது வேறொன்று இல்லை. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குள் போகிறது, பூ நீலமாகிறது. சுண்ணாம்பு ஏறினால் அலுமினியம் கரையாமல் நின்றுவிடுகிறது, பூ சிவக்கிறது. உங்கள் சுவரோரத்து மண் மாறிவிட்டது என்று அந்தப் பூவே சொல்கிறதே. இன்னும் எதற்குச் சுண்ணாம்பு? பழைய ஹட்டி (படுகர் ஊர்) வீடுகளைப்போல் மண்சாந்தில் பூசிக்கொள்ளுங்கள்.

காரைக்கை

நான் கொத்தனார். அப்பாவிடம் கரணை பிடிக்கக் கற்றேன். சோலைமண் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி. அந்தச் சுவரில் ஆறு ஆண்டுகளாக வெளியே இருப்பது எது? சிமெண்ட். சிமெண்டில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சுண்ணாம்புதான் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுமார் 1,450 பாகையில் வேகவைத்து அரைத்த பொடி அது. பூவைச் சிவக்க வைத்தது தாத்தாவின் காரையா, ஆறு ஆண்டுச் சிமெண்டா? தாத்தா காலம் முழுவதும் பூ என்ன நிறம் என்று அந்த அம்மாவைக் கேளுங்கள்.

குன்னூர் மேல்வீடு

நீலம்தான். சிறுவயதில் அந்தச் சுவரோரத்துப் பூவைத்தான் மாதா கோயிலுக்குப் பறித்துக்கொண்டு போவோம். பழைய படத்தில்கூட நீலமாகத்தான் இருக்கிறது. இதை நான் யோசிக்கவே இல்லை.

கோத்தகிரிப் பொறியாளர்

படத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். புதுச் சிமெண்டிலிருந்து சில ஆண்டுகளுக்குச் சுண்ணாம்பு கசியும், உண்மை. நீற்றிய சுண்ணாம்பைப் புதிதாகப் பூசினாலும் கசியும். பழைய காரை காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் கல்லாகிவிட்டது, அதனால் பேசாமல் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நிலம் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு நான் எழுப்பிய தடுப்புச் சுவர்களுக்குக் கணக்கில்லை. ஒன்றைக்கூடச் சுண்ணாம்பில் கட்டியிருக்க முடியாது. வெறும் சுண்ணாம்புச் சாந்து தண்ணீருக்குள் இறுகாது, காற்றுப் பட்டாலும் முழுப் பலம் வர மாதங்கள் ஆகும். பழமை என்பதற்காக ஒரு பொருளைத் தூக்கிப் பிடிப்பது ஆபத்து.

காரைக்கை

தடுப்புச் சுவருக்குச் சுண்ணாம்பைச் சொன்னது யார், ஐயா? அதைச் சிமெண்டில்தான் கட்ட வேண்டும், நானே கட்டியிருக்கிறேன். இங்கே பேச்சு, சுண்ணாம்பில் கட்டிய பழஞ்சுவருக்கு மேலே சிமெண்ட் பூசலாமா என்பதுதான். கருங்கல் தண்ணீர் குடிக்காது. சுவருக்குள் போன ஈரம் சாந்து வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெளியே சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டால், ஈரம் உள்பக்கம் திரும்பும், அடுத்து மரத்தைத் தேடும். உத்திரம் ஊறியது அப்படித்தான்.

போன மாதம் ஒரு பங்களாவில் சுண்ணாம்பு நீற்றினேன். காலை ஏழு மணி, மூச்சு விட்டால் புகையாக வருகிற குளிர். தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு கல் கல்லாகச் சுட்ட சுண்ணாம்பு. அரை நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு கல்லில் கீறல் விழுந்தது, உள்ளேயிருந்து சீறல் வந்தது, தொட்டி முழுவதும் சோற்றுப் பானையைப்போல் கொதித்தது. சித்தாள் பெண்கள் அதைச் சுற்றிக் கை காய்ந்தார்கள். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வை போய்விடும் என்று அவர்களை விரட்டிவிட்டுத்தான் மறு வேலை பார்த்தேன். அந்த நீறு நாள்பட ஊறி வெண்ணெயாக வேண்டும். பிறகு ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். நாள்கணக்கு வேலைதான். அவசரம் என்றால் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

மண்சாந்து நல்ல பொருள். ஆனால் சாரல் அறைகிற சுவருக்கு ஆண்டுதோறும் பூச வேண்டும். பூச ஆள் இருக்கிறதா?

எடக்காடு விவசாயி

வீட்டை விடுங்கள். "மலைக்குச் சுண்ணாம்பு எதற்கு" என்று சோலைமண் அண்ணன் பொதுவாகக் கேட்டுவிட்டார், அதற்குத்தான் வருகிறேன்.

என் கோஸ் தோட்டத்தில் நான்கு ஆண்டுகளுக்கு முன் இப்படி நடந்தது. நடுப்பகலில் செடி துவண்டு தொங்கும், மாலையில் நிமிர்ந்துவிடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் பாய்ச்சினேன். ஒரு செடியைப் பிடுங்கியபோதுதான் தெரிந்தது. வேர் என்று ஒன்றுமே இல்லை, இஞ்சிக் கிழங்கைப்போல் விரல் விரலாக வீங்கி, கிள்ளினால் அழுகல் நாற்றம். கிளப் ரூட் என்பார்கள். கிருமி ஆண்டுக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும், புளிப்பு மண் அதற்குச் சொர்க்கம். மண் பரிசோதனையில் புளிப்பு அளவு (pH) 4.7 என்று வந்தது. இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும், 7 என்றால் நடுநிலை. ஏக்கருக்கு 800 கிலோ டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடி), நடவுக்கு ஒரு மாதம் முன்பே இட்டுக் கொத்திவிட்டேன். மறு போகத்தில் வீக்கம் முழுவதும் போகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் தப்பியது.

புளிப்பு ஏறிய மண்ணில் இடுகிற பாஸ்பரஸ் உரத்தை அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. உரத்துக்குக் கொடுத்த பணம் மண்ணுக்குள் பூட்டிக் கிடக்கிறது, கேரட்டுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. பூட்டைத் திறப்பது சுண்ணாம்புதான். தேயிலைக்குக்கூட, புளிப்பு அளவு 4.5-க்குக் கீழே போனால், கவாத்தை ஒட்டி டோலமைட் இடுகிறார்கள். மண்ணைப் புளிக்க வைத்ததில் மழைக்கு ஒரு பங்கு என்றால், நாங்கள் கொட்டிய அம்மோனியம் சல்பேட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அதைச் சரிசெய்வது எப்படிக் குற்றமாகும்?

பூம்பாறைப் பூண்டு

கொடைக்கானல் மேல்மலையிலும் இதே கதைதான். பூண்டுக்கு மிஞ்சிய புளிப்பு ஆகாது. எங்கள் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, ஆனால் மண்ணைப் பார்க்காமல் விதைத்தால் பல் திரளாது. ஒரு எச்சரிக்கை: சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒரே நாளில் போடாதீர்கள். மூக்கை எரிக்கிற நெடி வந்தால் உங்கள் தழைச்சத்து காற்றில் போகிறது என்று அர்த்தம்.

சோலைமண்

எடக்காடு தம்பி, உங்கள் வயலில் நீங்கள் அளந்து இடுவதை நான் எதிர்க்கவில்லை. அளவு மீறினால் என்ன ஆகும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

எடக்காடு விவசாயி

சொல்கிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. கோஸ் தப்பியதைப் பார்த்து ஆசைப்பட்டு, மறு ஆண்டு பரிசோதனை செய்யாமலேயே இரண்டு மடங்கு இட்டேன். அடுத்து வைத்தது உருளை. கிழங்கெல்லாம் தோல் வெடித்துச் சொறி. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் அந்தக் கிருமி கொழுக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, மறந்திருந்தேன். மண்டியில் பாதி விலைக்குத்தான் போயிற்று. கோஸுக்கு மருந்தாவது உருளைக்கு நோயாகிறது. அதிலிருந்து மண்ணைப் பார்க்காமல் ஒரு சாக்குக்கூடப் பிரிப்பதில்லை.

சோலைமண்

நன்றி தம்பி. இப்போது நான் முதலில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். கொத்தனார் சிமெண்டைப் பற்றிச் சொன்னதைப் படித்தபிறகு இரண்டு நாட்களாக அதே நினைப்பு. சுண்ணாம்பு மலைக்கு வரக்கூடாது என்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, அது மூட்டை மூட்டையாக லாரியில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. மதுக்கரையிலும் அரியலூரிலும் வெட்டிய கல், கட்டடமாகவும் சாலையாகவும் நம் சரிவுகளில் உட்கார்ந்திருக்கிறது. அரியலூர்க் கல்லில் அம்மோனைட்டின் சுருள் ஓடு பதிந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த சிப்பியும் ஓடும் இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. என் தெருவில் ஒரு கான்கிரீட் தளத்தின் அடியில் வெள்ளைக் குழல்கள் சுண்டுவிரல் நீளத்துக்குத் தொங்குகின்றன, நுனியில் சொட்டு நிற்கிறது. சுண்ணாம்புக் குகைகளில் தொங்குவதன் தம்பி. குகையே இல்லாத ஊரில் அதை நாம் வளர்த்திருக்கிறோம்.

என் கவலை பூசிய சுவரைப் பற்றியது இல்லை, இடித்துக் கொட்டுகிற சுவரைப் பற்றியது. புல்வெளி மடிப்புகளில் இருக்கும் சதுப்புகளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அங்கே அழுகண்ணிச் செடி இருக்கிறது, இலைமயிர் நுனிகளில் பசைத்துளி மின்னும், கொசுவைப் பிடித்துச் செரித்துக்கொள்ளும். மண்ணில் சத்தே இல்லாததால் பூச்சியைத் தின்னக் கற்றுக்கொண்ட செடி. நான் பத்து ஆண்டுகளாகப் போய்ப் பார்த்துவந்த ஒரு சதுப்பின் தலைமாட்டில், சாலை அகலப்படுத்தியபோது கட்டட இடிபாட்டைக் கொட்டினார்கள். மூன்றாவது மழைக்குப் பிறகு அந்த ஓரத்தில் அழுகண்ணி ஒன்றுகூட இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஏதோ ஒரு புல் மண்டிக்கிடந்தது.

கோத்தகிரிப் பொறியாளர்

வருத்தமான செய்திதான். ஆனால் அது சுண்ணாம்பால்தான் என்று எப்படிச் சொல்வீர்கள்? கொட்டிய மண் நீரோட்டத்தை அடைத்திருக்கலாம், வண்டல் மூடியிருக்கலாம்.

சோலைமண்

பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டும் ஒரே லாரியில் வந்தவை. ஓடைத் தண்ணீரை மேலேயும் கீழேயும் அளந்தேன். இடிபாட்டுக்கு மேலே புளிப்பு அளவு 5.4, கீழே 7.6. சதுப்பின் மற்ற ஓரங்களில் செடி இன்றும் இருக்கிறது.

கோத்தகிரிப் பொறியாளர்

அந்த எண்களுக்கு எதிராக நான் வாதாடப் போவதில்லை. இனி என் பணியிடங்களில் இடிபாடு எங்கே போகிறது என்று நானே போய்ப் பார்க்கிறேன். இதுவரை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தேன், அது தவறு. மேல்வீட்டு அம்மாவின் சுவரைப் பொறுத்தவரை கொத்தனார் சொல்வதே சரி. ஆனால் சாரல் அடிக்காத தை, மாசியில் பூசுங்கள். உறைபனி விழும் இரவுகளில் ஈரக்காரையைச் சாக்குப் போட்டு மூட வேண்டும்.

காரைக்கை

மூட வேண்டும், அதே சமயம் காயவும் விடக்கூடாது. காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரமில்லாமல் சுண்ணாம்பு காற்றைக் குடிக்காது. 100 கிலோ கல்லைச் சுடும்போது 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது என்பார்கள். சுவரில் இருந்துகொண்டு அது திரும்ப எடுத்துக்கொள்வது அந்தக் காற்றைத்தான், சூளைக்கு எரித்த கரி வேறு கணக்கு.

குன்னூர் மேல்வீடு

மாசி முதல் வாரம் வேலை தொடங்கினோம். உளியை வைத்ததும் சிமெண்ட் பலகை பலகையாகக் கழன்றது. அதன் பின்பக்கம் ஈரம் மின்னியது, பழைய சாந்து பிசைந்த மாவைப்போல் இருந்தது. மூன்று வாரம் சுவரைத் திறந்தே போட்டுக் காயவைத்த பிறகுதான் மேஸ்திரி முதல் கை பூசினார். உத்திர முனையை வெட்டி ஒட்டுப் போட வேண்டியிருந்தது. வடக்குப் பக்கம் சிமெண்ட் படாத பழைய சுவரில், காரை இடுக்குகளில் மயில்கொண்டைபோல் ஒரு பெரணி வளர்ந்திருக்கிறது, நத்தைகள் இரவில் வந்து வெள்ளையைச் சுரண்டிய தடம் தெரிகிறது. அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எடக்காடு தம்பி சொன்னபடி மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுத்தேன். சுவரடியில் 7.2, சரிவில் தேயிலை தொடங்கும் இடத்தில் 4.9. இடையில் இருப்பது பன்னிரண்டு அடிதான். தோட்டக்காரரிடம் சீட்டைக் காட்டினேன், வாங்கி இரண்டு முறை படித்தார். சுவரடியில் தண்ணீர் சரிவுக்குப் போகாமல் வடிகாலுக்குப் போக ஒரு கல் வாய்க்கால் வெட்டுவதற்கு அவரே ஆள் அனுப்பினார்.

சோலைமண் ஐயா, உதிர்த்த சிமெண்ட் மொத்தம் 61 சாக்கு. முற்றத்தைச் சமன்படுத்தப் போடலாம் என்று நினைத்தேன்.

சோலைமண்

முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது?

குன்னூர் மேல்வீடு

ஓடைப் பக்கம். புரிகிறது, ஐயா. காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகக் கீழே போகிற வண்டி ஒன்றைச் சனிக்கிழமைக்குப் பேசியிருக்கிறேன்.